அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது பயப்படுகிற மாதிரி அங்கே ஒன்றுமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டைத்தான் குறை சொல்கிறார்கள். வீடு பாவம். ஒரு சரிவான தெருவின் கடைசியில், மாடி இல்லாத பழைய வீடு, அவ்வளவுதான். சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. வாசல்படியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் பிசகாமல் நேராக விடப்பட்டிருந்தன. பயப்பட வேண்டிய ஆள் கையில் பையோடு மணியை அடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

நான் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓஎஸ் புரோகிராமைப் போடுவது, பழைய ஓஎஸ்ஸை எடுத்துவிட்டுப் புதியது ஏற்றுவது, படுத்துவிட்டதை எழுப்புவது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட எந்த நேரத்தில் திரையில் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லுவேன். அந்தத் தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கதவைத் திறந்தது ஒரு அம்மா. அறுபதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, சிரித்த முகம். "வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம், காலையிலேர்ந்து இவருக்கு இருப்புக்கொள்ளல" என்று உள்ளே கூட்டிப்போனார். கூடத்தின் மூலையில் கம்ப்யூட்டர். அதன் எதிரே, உட்காரும் இடம் குழிந்துபோன ஒரு நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தவர். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

என்னைப் பார்த்ததும் கீபோர்டில் ஏதோ தட்டினார். தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். நான் பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்ற மறந்ததை நினைத்துத் திரும்பிப்போய்க் கழற்றிவிட்டு வந்த பிறகுதான் ஸ்பீக்கர் பேசியது.

"வாருங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

நல்ல கனமான குரல். கொஞ்சம் கிண்டல் கலந்தது. ஆனால் மாஸ்டரின் வாய் மூடியே இருந்தது. அவர் கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. கூடவே ஈரமான ஒரு சீழ்க்கைச் சத்தம்.

விஷயத்தை அந்த அம்மாதான் சொன்னார். தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். அந்தத் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு புரோகிராமைக் கொடுத்து, அதில் இருக்கிற அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களையும் மைக்கில் வாசித்துவிடுங்கள், பிறகு நீங்கள் எதைத் தட்டினாலும் உங்கள் குரலிலேயே பேசும் என்றாளாம். பதினொரு நாளும் மாஸ்டர் வாசித்தார். இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். வலி பொறுக்காமல் நிறுத்தினால் தண்ணீர் கொடுத்து, மறுபடி அதே வரியில் விரலை வைத்தார். பன்னிரண்டாம் நாள் ஆபரேஷனில் மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போட்டார்கள், குரல் போய்விட்டது. கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும் மிச்சம்.

இப்போது பிரச்சினை, கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. பழைய ஓஎஸ். தட்டினால் அரை நிமிஷம் கழித்துத்தான் பேசுகிறது. யாராவது வந்து ஜோக் சொல்லிவிட்டுப் போனால், அவர்கள் தெருமுனை திரும்பும்போது மாஸ்டரின் பதில் ஜோக் வருகிறது. அந்த அம்மா இதைச் சொல்லிச் சிரித்தார். மாஸ்டரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

புது ஓஎஸ் போட்டால் பறக்கும் என்றேன். போன வாரம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டதாகவும், அதனால் ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ என்று பயமாக இருப்பதாகவும் அந்த அம்மா தானாகவே சொன்னார். தரை துடைத்துக்கொண்டிருந்தாராம். அதெல்லாம் ஒன்றுமில்லை, மறுபடி போட்டவுடன் தானே சரியாகியிருக்கும் என்றேன். அது உண்மை. அன்று நான் சொன்ன கடைசி உண்மை.

"தம்பி, அந்தப் பேசறது மட்டும் பத்திரம்," என்றார்.

"எல்லாம் எடுத்து வெச்சிடுவேன்மா. கவலையே படாதீங்க."

எங்கள் தொழிலில் எடுத்து வைப்பது என்றால் மூன்று இடம். திரையில் கிடப்பது, ஆவணங்கள், படங்கள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு அதற்கு மேல் எதுவும் இருக்காது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே அந்த மூன்றையும் பிடித்து வெளி டிஸ்க்கில் போட்டது. குரல் எங்கே இருக்கிறது என்று கை தேடவில்லை. அது இந்த மூன்றிலும் இல்லை. புரோகிராமுக்கு உள்ளேயே, கண்ணுக்குக் காட்டாத ஒரு ஃபோல்டரில் இருந்தது. தெரிந்துகொள்ள அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகியிருந்தது.

எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கிற பக்கம் வந்தது. பழைய பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கட்டுமா என்று கேட்டது. இதில் உள்ளதெல்லாம் போய்விடும் என்றும் எச்சரித்தது. இந்த எச்சரிக்கையை இதுவரை எத்தனை ஆயிரம் தடவை தள்ளிவிட்டிருப்பேன். அன்றைக்கும் தள்ளிவிட்டேன்.

அறுபத்து மூன்று சதவீதம் ஓடியிருக்கும். முதுகுக்குப் பின்னால் அந்தச் சீழ்க்கை மூச்சு கேட்டது. மாஸ்டர் வந்து நின்றிருந்தார். என் தோளில் இரண்டு தடவை விரலால் தட்டி, ஒரு சின்ன நோட்டை முகத்துக்கு நேரே நீட்டினார். அழகான கையெழுத்து. 'என் குரலை எதில் வைத்திருக்கிறீர்கள்?'

வெளி டிஸ்க்கைக் காட்ட விரலை நீட்டினேன். நீட்டிய விரல் பாதியில் நின்றுவிட்டது.

இந்த இடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. அழித்த ஃபைல் உடனே போய்விடாது. அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை அது அங்கேயேதான் கிடக்கும். அந்த நிமிஷத்தில் ஒயரைப் பிடுங்கி, டிஸ்க்கைக் கழற்றி, மீட்டெடுக்கிற ஆட்களிடம் கொண்டு போயிருந்தால் பாதியாவது திரும்பியிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒயரைப் பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நான் பிடுங்கவில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு, அறுபத்து நான்கு, அறுபத்தைந்து என்று அது அவர் குரலின்மேல் எழுதிக்கொண்டே போவதை உட்கார்ந்து பார்த்தேன். அந்த அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்தேன்.

நூறு வந்தது. புதுத் திரை பளிச்சென்று திறந்தது. புரோகிராமை மறுபடி போட்டேன். குரல் எதுவும் இல்லை என்றது.

பொய் வாயில் தயாராக இருந்தது. யோசிக்கக்கூட இல்லை. டிஸ்க்கில் அந்தப் பகுதி முன்னாடியே கெட்டுப்போயிருக்கிறது, இன்று காலைவரை பேசியதே அதிசயம் என்றேன். அப்டேட் ஓடும்போது கரண்ட்டை அணைத்தால் இப்படி ஆகும் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்த அம்மா சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அந்தப் பிடி கிடைத்திருக்காது. என்னை நம்பிச் சொன்னதையே எடுத்து அவர் தலையில் பழியாகப் போட்டேன்.

அந்த அம்மா சுவரோடு சாய்ந்துகொண்டார். மாஸ்டர் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை, கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கிற பார்வை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்த மாஸ்டர் நோட்டில் எழுதிக் காட்டினார். 'சிரமத்துக்கு நன்றி.'

அதன் பிறகு எட்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அந்த வழியில் வேலை வந்தால் சுற்றிக்கொண்டு போனேன். எல்லாரும்தான் தப்புச் செய்கிறார்கள், வேண்டுமென்றா செய்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழித்தது வேண்டுமென்று செய்ததல்ல, சரி. பழியைத் தூக்கிப் போட்டது? அதை நினைத்தாலே காது சூடாகும். சாப்பிட உட்கார்ந்தால் நினைவு வரும். வீட்டில் என் மனைவி சும்மா, "யார் லைட்டை அணைக்காம விட்டது" என்று கேட்டால்கூட முகம் கறுத்துப்போகும். அவளுக்கு ஒன்றும் புரியாது. நானும் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாதம் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நம்பரைப் பார்த்ததும் எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

மாஸ்டர் போய் இருபது நாள் ஆகிறது என்றார். அழவில்லை. கம்ப்யூட்டர் தினமும் தானாக எழுந்துகொள்கிறதாம். ஓஎஸ் புதிதாகப் போடும்போது வருமே, அந்த நீலத் திரை வந்து, முதலிலிருந்து கேள்வி கேட்கிறதாம். எந்த மொழி, எந்தக் கீபோர்டு, யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று. அணைத்தாலும் மறுநாள் மத்தியானம் அதே நேரத்துக்கு அதே திரையாம்.

வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் குரலைக் கேட்ட பிறகு சொல்ல வாய் வரவில்லை.

நான் போனபோது மணி மூன்றுதான். மழை கட்டிக்கொண்டு, கூடத்தில் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டாக இருந்தது. விளக்குப் போடவில்லை. வாசல்படியில் இப்போதும் இரண்டு ஜோடிச் செருப்புகள் நேராக இருந்தன. உள்ளே ஆஸ்பத்திரி மருந்து வாசனை இன்னும் போகவில்லை. அதனடியில் ஈரத்துணி வாசனை.

அந்த அம்மா பாதியாகியிருந்தார். அதே நாற்காலியை எனக்குக் காட்டினார். குழியில் உட்காரப் பிடிக்காமல் நுனியில் உட்கார்ந்தேன். திரையில் நீலம். 'இந்தக் கணினியை யார் பயன்படுத்தப் போகிறார்கள்?' என்று கேட்டு, காலிப் பெட்டியில் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

நான் கேட்காமலே பக்கத்தில் வந்து நின்று சொல்லத் தொடங்கினார். எட்டு மாதமும் மாஸ்டர் நோட்டில் எழுதித்தான் பேசினாராம். டாக்டருக்கு எழுதினார், பேப்பர் போடுகிறவருக்கு எழுதினார், பார்க்க வந்த பழைய மாணவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். இந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். கடைசி நாளில் இந்த அம்மாவே நோட்டை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தாராம். அவர் வாங்கவில்லையாம்.

"நான் செஞ்சதுக்கு அது சரிதான்," என்றார். "அவரு குரலை நான்தானே கொன்னேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதே சொல் என்று உள்ளே ஒன்று தள்ளியது. முதலில் வேலையைப் பார்ப்போம், போகும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பெட்டியில் பெயர் தட்டக் கையைக் கொண்டுபோனேன்.

"எங்கள் வீட்டில் நான்கு நாற்காலிகள் உள்ளன."

கை அப்படியே நின்றது.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மாஸ்டரின் குரல். கனமான, நிதானமான, தாளைப் பார்த்து வாசிக்கிற குரல்.

இந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டருக்குச் சத்தமே வராது. சத்தத்துக்கான டிரைவர் என்கிற புரோகிராம் இன்னும் ஏறியிருக்காது. தவிர, அந்த டிஸ்க்கில் அந்தக் குரல் இல்லை. இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"நாப்பத்தி ஏழாவது," என்றார் அந்த அம்மா. கிசுகிசுப்பாக. கண்ணை மூடியிருந்தார். ஏதோ பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி வலது கை விரல் காற்றில் ஒரு வரியைத் தொட்டது.

"மழை நின்ற பிறகு ஜன்னலைத் திறக்கவும்."

"நூத்திமூணு."

"பழைய கொட்டகையின் கூரை காற்றில் பறந்தது."

"இருநூத்தி அறுபத்தி எட்டு. இதுல இருமிட்டாரு. திரும்பப் படிச்சோம்."

அந்த இருமலும் வந்தது.

ஸ்பீக்கரின் ஒயரைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"அவன் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான்."

"முன்னூத்தி தொண்ணூறு."

வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு சத்தம் இருந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. ஈரமான சீழ்க்கை. உள்ளே போய் வெளியே வரும் மூச்சு.

பதிவு செய்தபோது அவருக்குக் கழுத்தில் துளை இல்லை.

"அம்மா, வெளிய போயிடலாம்," என்றேன். அவர் காதில் விழவில்லை. முகத்தில் பயத்தின் நிழல்கூட இல்லை. அடுத்த வரிக்காக விரலை வைத்துக் காத்திருந்தார்.

அடுத்த வரி வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. திரையில் கோடு மின்னியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நிறுத்தியது யார்?"

அந்த அம்மாவின் விரல் காற்றில் தடுமாறியது. எங்கேயோ தேடியது. கண்ணைத் திறந்தார்.

"இது அதுல இல்லையே," என்றார்.

"நிறுத்தியது யார்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கோணியது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, திரையைப் பார்த்து, "நான்தாங்க," என்றார். "நான்தான். தரை தொடைக்கும்போது தெரியாம அணைச்சிட்டேன்."

மூச்சு. உள்ளே, வெளியே.

"நிறுத்தியது யார்?"

"நான்தான்னு சொல்றேனே. என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஒரு வார்த்தை திட்டிடுங்க. நான்தான்."

"நிறுத்தியது யார்?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியை மேசைக்காலில் வைத்துக்கொண்டு நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது அவரிடம் கேட்கவில்லை. இது எனக்கு இரண்டாம் தடவையே தெரியும். அவர் ஒவ்வொரு தடவை பதில் சொன்ன பிறகும் அது காத்திருந்தது. வேறொருவர் பதில் சொல்லட்டும் என்று பொறுமையாக, கியர் மாற்றத் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாஸ்டராகக் காத்திருந்தது.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்த அம்மா எழுந்திருப்பார். நான் சொல்லவில்லை.

இதற்கு மேல் கேவலம் ஒரு மனிதனுக்கு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. செத்தவர் முன்னால் நிற்கிற பயத்தைவிட, உயிரோடு இருக்கிற அந்த அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"நிறுத்தியது யார்?"

இந்தத் தடவை மேசையிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னால், என் தோள் உயரத்தில் கேட்டது.

கழுத்தில் ஈரக்காற்று பட்டது. மருந்து வாசனை. என் தோளில் ஒரு விரல் இரண்டு தடவை தட்டியது.

திரும்பவில்லை. மேசைக்கடியில் பாய்ந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் கையை விட்டு, மெயின் ஒயரை இழுத்தேன். மறுமுனையையும் சுவரிலிருந்து பிடுங்கினேன். நீலத்திரை செத்தது. கூடம் முழுக்க இருட்டு. விசிறிச் சத்தம் இறங்கி, இறங்கி, அடங்கியது.

மழைச் சத்தம் மட்டும்.

"நிறுத்தியது யார்?"

ஓடினேன். கதவு எது, சுவர் எது என்று பார்க்கவில்லை. பையை விட்டேன், செருப்பை விட்டேன். அந்த அம்மாவை அந்த இருட்டில் தரையில் விட்டேன். சரிவில் வெறுங்காலோடு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு, தெருமுனையில் மூடியிருந்த ஒரு தையல் கடையின் வாசல்வரை ஓடி, அதன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், கையில் அந்தக் கறுப்பு ஒயர் இருந்தது. பெட்டிக்குக் கரண்ட் போகிற ஒரே ஒயர். இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வெளுத்திருந்தது.

அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. நடுத்தெருவில், நாற்பத்து மூன்று வயதில், மழையில் நின்று அழுதேன். அன்றைக்கு அறுபத்து மூன்று சதவீதத்தில் பிடுங்க வேண்டிய ஒயர். அப்போது பிடுங்காமல் அவர் குரலை எடுத்தேன். இன்றைக்குப் பிடுங்கி அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் அவர் அந்தத் தரையில் உட்கார்ந்து நான்தான் நான்தான் என்று சொல்ல வேண்டும்?

திரும்பி நடந்தேன். கால் வர மறுத்தது. நடந்தேன். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு அடிக்கும் ஒத்திகை பார்த்தேன். நீங்கள் அணைத்ததால் எதுவும் போகவில்லை அம்மா, நான்தான் அழித்தேன், தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை, உங்கள்மேல் பழியைப் போட்டேன். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்ததும் வாய்க்குப் பழகிவிட்டது. இவ்வளவு சின்னதா, இதற்கா ஒன்பது மாதம் என்று இருந்தது.

வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை. வாசலில் என் பை வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் என் செருப்பு. படியேறி, கதவைத் தட்டக் கையைத் தூக்குவதற்குள் கதவு திறந்தது.

அந்த அம்மா நின்றார். கன்னத்தில் ஈரம் காயவில்லை. ஆனால் அது அழுது முடித்த முகம். ஏதோ இறக்கி வைத்துவிட்டு வந்த மாதிரி நிமிர்ந்து நின்றார். ஒயரை நீட்டினேன்.

"அது தேவைப்படல," என்றார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு..."

"அவரே சொல்லிட்டாரு."

மழை என் முதுகில் பெய்துகொண்டிருந்தது. பழகி வைத்திருந்த வாக்கியம் முழுவதும் வாய்க்குள்ளேயே இருந்தது.

"நீங்களே உங்க வாயால சொல்லட்டும்னுதான் அத்தனை தடவை கேட்டாராம்," என்றார். தம்பி என்று கூப்பிடவில்லை.

அவருக்குப் பின்னால் இருட்டில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கிற சத்தம். தொடர்ந்து அந்தக் கனமான குரல், எதையும் பார்த்து வாசிக்காத சாதாரணப் பேச்சில், "யாரு வந்திருக்கறது?" என்று கேட்டது.

அந்த அம்மா என் முகத்தை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தார். நான் ஒன்பது மாதமாக எதற்குப் பயந்தேனோ அந்தப் பார்வை. பிறகு தலையை உள்பக்கம் திருப்பி, தினமும் பேசுகிற குரலில் பதில் சொன்னார்.

"யாருமில்லைங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்.